நாலு மணிக்கு மூச்சு வாங்கும் சர்வர்

கூட்டத்தில் இருந்தவர்கள்: ஜி.எம். ஞானராஜ் சார், கணக்குப் பிரிவு மேனேஜர் நசீர் பாய், சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்திருந்த சர்வர் கம்பெனிக்காரர், கடைசி நாற்காலியில் நான்.

இல்லாதவர்கள்: கட்டிங் சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை. கைத்தையல் பெண்களில் ஒருவரும் இல்லை. அவர்களைக் கூப்பிடலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

முடிவெடுக்க உட்கார்ந்தது அவர்கள் விஷயமாகத்தான்... அது வேறு.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் கம்பெனி பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஷூ செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏ.சி. ரூம் ஒன்று. அதற்குள் சர்வர் ஒன்று. அதற்குக் காவல் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆளும் நான்தான். அதனால் தெருவில் யார் வீட்டு டி.வி. ரிப்பேரானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு டி.வி. தெரியாதா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் சர்வருக்கு மாலை நாலு மணியானால் மூச்சு வாங்கும். காலையில் கன்றுக்குட்டி மாதிரி ஓடும். நாலு மணி சங்கு ஊதியதும் அப்படியே நிற்கும். ஸ்கிரீனில் எழுத்து நகராது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏற்றுமதிப் பிரிவுக்கு இன்வாய்ஸ் வேண்டும். எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி என்ற பட்டியல் வேண்டும். பேப்பர் கைக்கு வந்தால்தான் கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். முந்தின வாரம் பேப்பருக்காகக் காத்திருந்து காத்திருந்து லாரி தாமதமாகப் போய், கப்பல் நம் பெட்டியை ஏற்றிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டது.

அதற்குத்தான் கூட்டம்.

"புது சர்வர்தான் சார் ஒரே வழி. பதினொன்றரை லட்சம் ஆகும். இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்றார் டைக்காரர்.

ஜி.எம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த சீசன்ல முதலாளி கையெழுத்துப் போட மாட்டார். அதுவரைக்கும் வண்டி ஓடணும். வேற இன்னா வழி?"

நசீர் பாய் தயாராக வந்திருந்தார். "ஒண்ணைக் கம்மி பண்ணாப் போதும் சார். கைத்தையல் கணக்க டெய்லி ஏத்தறோம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பட்டுவாடா பண்றோம். அதான் மெஷினை ஜாஸ்தி இழுக்குது. மாசத்துக்கு ஒரு தபான்னு வெச்சிட்டா மெஷினும் ஃப்ரீ, நமக்கும் பேஜார் இல்ல."

கைத்தையல் என்பது வேறொன்றுமில்லை. சில வகை ஷூவுக்கு மேல்தோலைக் கையால்தான் தைக்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைப்பார்கள். தினமும் வேன் போய், தைத்த கட்டுகளை எடுத்துவரும். அன்றைய எண்ணிக்கை அன்றே கம்ப்யூட்டரில் ஏறும். சனிக்கிழமை பக்கவாட்டு கேட்டில் கூலி.

அந்தப் பெண்களில் ஒருவர் என் அம்மா.

கூட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அதற்கப்புறம் நான் எதைப் பேசினாலும் அம்மாவுக்காகப் பேசுவதாக ஆகியிருக்கும். அதனால் வேறொன்றைக் கேட்டேன்.

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க."

"எதுக்குப்பா?"

"எந்தப் புரோகிராம் எவ்ளோ தின்னுதுன்னு பாத்துட்டு, எதை நிறுத்தறதுன்னு சொல்றேன் சார்."

நசீர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். டைக்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். "தாராளமா பாக்கட்டும் சார். அதுக்குன்னே எங்ககிட்ட ஒரு சாப்ட்வேர் இருக்கு. ட்ரையல் சி.டி. தர்றேன், ஒரு மாசம் ஃப்ரீ. புது சர்வர் வேணும்னு அதுவே சொல்லிடும்."

தனக்குச் சாட்சி சொல்லும் என்று நம்பி அவரே ஆளைக் கொண்டுவந்து கூண்டில் ஏற்றினார். நான் சி.டி.யை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கம்பெனி வேன் டிரைவரைவிட வேகமான நெட்வொர்க்கை நான் இன்னும் பார்க்கவில்லை. அம்மா மடியில் மேல்தோலை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி. நிமிரவில்லை.

"மாசக் கூலியாமே?"

"இன்னும் முடிவு பண்ணல ம்மா."

"அரிசிக் கடைக்காரன் மாசத்துக்கு ஒரு தபா போதும்னுவானா?"

"நான் ஒரு வாரம் கேட்டிருக்கேன்."

"உன் மெஷினுக்கு மூச்சு வாங்குச்சுன்னா எங்க சனிக்கிழமைய ஏண்டா நிறுத்தணும்? நாங்களா போயி அது மேல ஒக்காந்தோம்?"

சர்வர் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியாது, ஜி.எம்.முக்கும் தெரியாது, நசீர் பாய்க்கும் தெரியாது. ஆனால் யாரை இறக்கிவிடுவது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி?

ஒரு வாரத்துக்குள் கண்டுபிடிப்பது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை சாப்ட்வேரை ஏற்றினேன். அது செய்வது எளிய வேலைதான். சர்வருக்குள் ஓடும் புரோகிராம்களை ஓயாமல் கவனித்து, எது எவ்வளவு தின்கிறது என்று குறித்துக்கொள்ளும். ஆனால் சும்மா பார்த்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள்தான் ஓடும். நாம்தான் அவற்றைப் பிரித்துக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். இது கட்டிங்குடையது, இது கைத்தையலுடையது, இது ஏற்றுமதியுடையது என்று. அந்தக் கட்டுக்குத்தான் ஒர்க்லோடு என்று பெயர். தோலை வெட்டி, கட்டாகக் கட்டி, சீட்டு மாட்டுகிறோமே... அதேதான். சீட்டில்லாத கட்டெல்லாம் 'மற்றவை' என்ற ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

யார் லாகினில் ஓடுகிறது என்பதை வைத்துப் பிரிப்பதுதான் சுலபமான வழி. பிரித்தேன். படம் வந்தது. படம் முழுக்க ஒரே நிறம்.

ஏன் தெரியுமா? எங்கள் கம்பெனி மொத்தமும் ஒரே லாகினில் வேலை செய்கிறது. அதன் பெயர் ராஜா.

ராஜா எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். எங்கள் புரோகிராம்களை எழுதியவரும் அவர்தான். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய் வருஷக்கணக்காகிறது. போகும்போது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். அப்புறம் ஏற்றுமதிப் பிரிவுச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே அது எழுதி ஒட்டப்பட்டது. ஆக, பெங்களூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆம்பூரில் நாள் முழுக்க வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் ராஜா. தோல் வெட்டுகிறார், கைத்தையல் கணக்கு ஏற்றுகிறார், இன்வாய்ஸ் அடிக்கிறார். அந்த ஊர் சாப்ட்வேர் ஆட்கள் யாரும் இவ்வளவு உழைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆளுக்கொரு லாகின் போட்டுத் தருவதென்று கிளம்பினேன். புரோகிராம் எழுதுவது சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆளை மாற்றுவதுதான் கஷ்டம்.

"ராஜா பேரு ராசியான பேரு தம்பி. மாத்தினா பைல் தொறக்காம போய்டும்" என்றார் ஏற்றுமதிப் பிரிவில் ஒரு அக்கா.

"பாஸ்வேர்டு நான் மறந்துட்டா யாரைக் கேக்கறது?" என்றார் நசீர் பாய்.

கட்டிங்கில் மாணிக்கம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி, வேவு பாக்குறியா? யாரு எப்ப வர்றான், எப்ப போறான்னு மேல சொல்லிடுவியா?"

"மெஷினைத்தாண்ணா பாக்கறேன், மனுஷனை இல்ல."

"முதல்ல அப்படித்தான் சொல்வீங்க. அப்பறம் பாத்ரூம் போறதுக்கும் பாஸ்வேர்டு கேப்பீங்க."

சுற்றி நின்ற கட்டிங் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றேன். நகரவில்லை. கடைசியில் அவரே, "சரி போட்டுக் குடு. வுட மாட்டே போல இருக்கு" என்றார்.

பிரிவு பிரிவாக, மேஜை மேஜையாக இப்படித்தான். சுவரில் இருந்த பாஸ்வேர்டை நானே கிழித்தேன். சாமி படத்தைத் தொடவில்லை.

அடுத்த நாள் மாலை நாலு மணி. சங்கு ஊதியது. நான் ஏ.சி. ரூமில் கிராஃபைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கைத்தையல் ஒர்க்லோடு கீழே ஒரு மெல்லிய கோடாக ஓடியது. எங்கள் அம்மா தைக்கும் நூலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஏற்றுமதி அதற்கு மேலே ஒரு பட்டை. அதற்கும் மேலே, சங்கு ஊதிய மறு நிமிஷம், மலை மாதிரி ஒன்று எழும்பி, சர்வர் தாங்கும் அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. கட்டிங்.

உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிங் பிரிவின் தோல் செலவு ரிப்போர்ட். சீசன் தொடங்கியதிலிருந்து வெட்டிய எல்லாத் தோலையும் கூட்டிக் கழித்து, எவ்வளவு வீணாயிற்று என்று சொல்லும் பெரிய ரிப்போர்ட். பெரியதுதான், ஆனால் அன்றாடம் ஓடுவதுதானே? அதற்கு ஏன் இந்த மலை?

அப்புறம்தான் கவனித்தேன். அதே ரிப்போர்ட் ஒன்றல்ல... நாலு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில். ஒரே லாகினிலிருந்து.

தலை சூடாகி வெளியே டீக்கடைக்குப் போனேன். கேட்டுக்கு எதிரில் இருக்கும் கடை. போண்டாவைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார் கடைக்காரர். தின்றுவிட்டு எண்ணெய்க் கையைத் துடைக்கும்போது பேப்பரைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி பெயர். தோல் செலவு ரிப்போர்ட், முந்தின நாள் தேதி.

"இது ஏதுங்க?"

"உங்க பிரிண்டர் ரூம்ல இருந்து கட்டுக் கட்டா வருதே. டபுள் டபுளா அடிக்கிறாங்களாம், வேஸ்ட்டுன்னு தர்றாங்க. நல்ல தடியான பேப்பரு. எண்ணெ ஊறாது" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்றவர் கையிலும் போண்டா. வாங்கிப் பார்த்தேன். அதே பக்கம், அதே தேதி, அதே எண்கள்.

மாதக்கணக்கில் விடை என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் அதில் கை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஏ.சி. ரூமில் உட்காரவில்லை. கட்டிங் மேஜைக்குப் போய் மாணிக்கம் அண்ணனுக்குப் பின்னால் நின்றேன். சங்கு ஊதியது. அவர் ரிப்போர்ட் மெனுவுக்குப் போனார். இரண்டு கையையும் தூக்கினார். இடது கைக் கட்டைவிரல் பெரிய என்டரில், வலது கைக் கட்டைவிரல் நம்பர் பக்கத்து என்டரில். இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்து.

அப்புறம் அவருக்குப் பின்னால் பார்த்தேன். வரிசையாகத் தோல் வெட்டும் பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் பாரம் இறங்கும். ஒரு கையை உள்ளே வைத்துக்கொண்டு மறு கையால் இயக்கிவிடக் கூடாதே என்பதற்காக அப்படி. மாணிக்கம் அண்ணன் சூப்பர்வைசராகி இந்த மேஜைக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அந்த மெஷினில் நின்றவர்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? முதல் என்டருக்கு ரிப்போர்ட்டைத் தொடங்குகிறது. உடனே, 'ஆம்' என்ற பதிலைத் தானே தயாராக வைத்துக்கொண்டு, 'இன்னொரு பிரதி வேண்டுமா?' என்று கேட்கிறது. இரண்டாவது என்டர் அதற்குச் சம்மதம் சொல்லிவிடுகிறது. மொத்தக் கணக்கும் இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடுகிறது. இதனால் சர்வர் திணறுகிறது. ஸ்கிரீன் நகரவில்லையே என்று அண்ணன் மறுபடியும் இரண்டு கையாலும் அழுத்துகிறார். ஆக, நாலு.

"அண்ணா, ஒரு கையால அழுத்துங்களேன்."

"ஏன்?"

சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. தன் இரண்டு கையையும் விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"எண்ணிக்கோ. பத்து இருக்குதா? என் கூட நின்னவங்கள்ல எல்லாருக்கும் பத்து இல்ல. பழைய மெஷின்ல ரெண்டு கை சிஸ்டம் கெடையாது. புதுசு வந்தப்போ ரெண்டு கையால அழுத்துன்னு திட்டித் திட்டி சொல்லிக் குடுத்தாங்க. இப்ப நீ வந்து ஒரு கைன்ற."

"நீங்க பண்ணது தப்புன்னு சொல்லலண்ணா."

அவர் ஒரு கையால் அழுத்திப் பார்த்தார். இடது கை தானாக எழுந்து வந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கை கேக்க மாட்டேங்குது தம்பி."

புரோகிராமைத் திருத்தலாம்தான். ஆனால் அதன் மூலப்பிரதியை ராஜா பெங்களூருக்கே கொண்டுபோய்விட்டார். என்ன செய்யலாம்? இருவரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அண்ணன் வேஸ்ட் கூடையிலிருந்து ஒரு கெட்டித் தோல் துண்டை எடுத்தார். அளந்தார், வெட்டினார், மடித்து ஒட்டினார். பெரிய என்டருக்கு மேலே, அதன் மீது படாமல் கவிந்து நிற்கும்படி ஒரு தோல் தொப்பி. இனி வலது கை என்டரை அழுத்தும். இடது கை தொப்பியை அழுத்தும். இரண்டு கைக்கும் திருப்தி.

அன்று முதல் ரிப்போர்ட் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மலை மேடாகிவிட்டது. சிவப்புக் கோட்டைத் தொடவில்லை.

அதோடு நிறுத்தாமல், அந்த சாப்ட்வேரில் இன்னொரு வித்தையையும் செய்து பார்த்தேன். 'இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்' என்று அதனிடம் கேட்கலாம். தொப்பி போடுவதற்கு முந்தைய நாட்களின் கணக்கில் கைத்தையலை எடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்த மலை அப்படியே இருந்தது. கைத்தையலைத் திரும்ப வைத்து, கட்டிங்கின் உபரிப் பிரதிகளை எடுத்தேன். மலை சரிந்தது. இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன். தலா ஒரு பிரதி மட்டும்.

அடுத்த கூட்டத்தில் அதே நாலு பேர். ஐந்தாவதாக மாணிக்கம் அண்ணன். நான்தான் அழைத்துப் போனேன். 'யாரோ ஒருவர் இரண்டு முறை அழுத்துகிறார்' என்று அவர் இல்லாத இடத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. கீபோர்டை அவரே தூக்கிக்கொண்டு வந்து, ஜி.எம். மேஜையில் வைத்து, தோல் தொப்பியைக் காட்டி விளக்கினார். ஜி.எம். அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

டைக்காரர் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த சாப்ட்வேர் சில சமயம் கம்மியாக் காட்டும் சார்..."

"போன வாரம் அதுவே சொல்லிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ஜி.எம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் மறைக்கவில்லை. அடுத்த சீசனில் ஆர்டர் இதைவிடப் பெருகினால் மெமரி கூட்ட வேண்டியிருக்கும் என்றும் அந்த சாப்ட்வேர் காட்டியது. அதையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் காட்டினால் அது கணக்கு இல்லையே.

நசீர் பாய் கைத்தையல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோதானா? நான் இன்னாவோ நெனச்சேன்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா தம்பி, ஒண்ணு கேக்கறேன். கட்டிங்கைப் புடிச்ச, சரி. கைத்தையலை எடுத்துப் பாக்கணும்னு உனக்கு ஏன் அவ்ளோ அக்கறை?"

"எங்கம்மா கைத்தையல்தான் பாய். வாயால சொல்லியிருந்தா அம்மாவுக்காகப் பேசறேன்னு ஆயிருக்கும். அதான் நம்பரைக் கொண்டாந்தேன்."

நசீர் பாய் பிரிண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை பட்டுவாடா எப்பவும் போல இருக்கட்டும் சார்" என்று அவரே ஜி.எம்.மிடம் சொன்னார்.

எனக்கு ஒன்று புரிந்தது. பாரம் தாங்கவில்லை என்றால் நாம் இரண்டே வழி யோசிக்கிறோம். பெரிய வண்டி வாங்குவது. இல்லாவிட்டால், கூட்டத்தில் இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவது. எந்தக் கட்டு யாருடையது என்று சீட்டு மாட்டிப் பார்ப்பது மூன்றாவது வழி. அது மலிவானது. அதனாலேயோ என்னவோ, யாருக்கும் அது முதலில் தோன்றுவதில்லை.

சனிக்கிழமை அம்மா பக்கவாட்டு கேட்டில் கூலி வாங்கிக்கொண்டு வந்தார். கையில் போண்டா பொட்டலம். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"உங்க கம்பெனியில இன்னாடா பண்ணீங்க? ஓசிப் பேப்பர் வர்றது நின்னு போச்சாம். காசு குடுத்து வாங்கணும்னு வெலைய ஏத்திட்டான் அந்த ஆளு."

பதினொன்றரை லட்சத்தில் முடிய வேண்டிய விஷயம். கடைசியில் எங்களுக்கு ஆன செலவு: போண்டா ஒன்றுக்குக் கூடுதலாக ஐம்பது பைசா.